மூன்றாவது ரிலே

"இந்தத் தடவையும் ரிலேவைக் காணோம், பாக்," என்றான் மெக்கானிக் ஹெரு, பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்து.

'பாக்' என்று அவன் மரியாதையாக அழைத்த டாக்ஸிக்காரர் வர்சித்தோ எட்டிப் பார்த்தார். ஒரே மாதத்தில் இது மூன்றாவது முறை. ஏசியை ஓட வைக்கும் அந்தக் குட்டிக் கறுப்புப் பெட்டியை மாட்டினால் கார் ஜில்லென்று ஆகிவிடும். நாலே நாளில் பெட்டி மாயமாகிவிடும். சுராபாயா வெயிலில் ஏசி இல்லாத டாக்ஸியில் யார் ஏறுவார்கள்?

"பேட்டரியை விட்டுட்டு இதைப் போயி எவன் திருடுவான்? போலீஸ்ல சொல்லுங்க."

"ஆளு யாருன்னு தெரியும்ப்பா. விடு."

அவர் குனிந்தபோது, சட்டைக் காலருக்குக் கீழே உடம்பில் புகுந்த காற்றை வெளியேற்றவென்று காசால் சுரண்டிய சிவப்புக் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன.

"என்ன பாக், உடம்புல காத்து புகுந்துருச்சா?"

"வீட்டுக்காரி அப்படித்தான் சொல்றா. எல்லாம் ஏசிக் காத்தாம். தினமும் சுரண்டி விடுறா."

ஹெருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப ரிலேவைப் பிடுங்குறதும் அவங்கதானா? காத்து யாரையும் கொல்லாதுன்னு எடுத்துச் சொல்லக் கூடாதா?"

வர்சித்தோ ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தார்.

"எனக்கு முந்தி இதை எங்க பையன்தான் ஓட்டிட்டிருந்தான். ஒரு நாள் இதே சீட்டுல, ஏசி ஓட ஓட, உக்காந்தபடியே போயிட்டான். டாக்டர் நெஞ்சுவலின்னாரு. அவ காத்துங்கிறா."

ஹெரு புது ரிலேவை மாட்டினான்.

"கையோட இன்னும் ரெண்டு குடுத்துரு," என்றார் வர்சித்தோ. "அவ எடுக்காம இருக்க மாட்டா."