இஞ்சாரும்

ரக்பியிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு இப்போதெல்லாம் கிளப்பில் கேடயம் கொடுப்பதில்லை. காதுக்குள் வைக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கொடுக்கிறார்கள். எதிரே வருகிறவர் யாரென்று அது மெல்லச் சொல்லிவிடும்.

இரண்டு அணியும் தலையோடு தலை முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்மில், எப்போதும் முன்வரிசையில் நின்ற குகரூபனுக்கும் அதுதான் கிடைத்தது. வெள்ளவத்தைக் கடைத்தெருவில் பழைய ஆட்டக்காரர்களை எல்லாம் அவர் பேர் சொல்லி நலம் விசாரித்தார்.

"தலையில இவ்வளவு அடி வாங்கியும் மனுசன் ஒருத்தரையும் மறக்கேல்லைப் பாருங்கோ!" என்றார்கள். அவருடைய மனைவி சுகந்தினிக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று காலை அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். தலையைச் சற்றே சாய்த்து எதையோ கேட்டார். பிறகு சிரித்தார்.

"தேங்ஸ், சுகந்தினி."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கோபத்திலும் கொஞ்சலிலும், மூக்கு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "இஞ்சாரும்" என்பார், அவ்வளவுதான். அந்தச் சொல்லை யாரும் கருவிக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர் விருந்தாளியைப் போல அடக்கமாகத் தேத்தண்ணியைக் குடித்தார்.

மத்தியானம் கிளப்பிலிருந்து ஒருவன் போன் எடுத்தான்.

"அக்கா, மெஷின் ஒழுங்கா வேலை செய்யுதோ? அண்ணை உங்களை அடையாளம் காணுறாரோ?"

"ஓம் தம்பி," என்றாள் சுகந்தினி. "வடிவாப் பேர் சொல்லிக் கூப்பிடுறார்."