கலவைக் கதவு

ஆலை முற்றத்தில் வாழைநார்க் கழிவும் கிழிந்த பிளாஸ்டிக் பையும் அடுத்தடுத்த குவியல்களில் கிடந்தன. இரண்டையும் கலந்து கதவு செய்யப் போவதாகப் பேச்சு.

"ஈரத்தை உள்ளுக்குள்ள ஒளிச்சு வைக்கிற ஆளு நீ. சூட்டுல அது ஆவியாகி எனக்குக் கொப்புளம் வரும்," என்றது பை.

"கொஞ்சம் சூடு பட்டா உருகிடற உன்னை யாரு நம்புவா?" என்றது நார்.

நாரைக் காயவைத்தார்கள். பையை உருக்கி அதோடு கலந்து, அச்சில் அழுத்திக் கதவாக்கி, ஒரு வீட்டு வாசலில் மாட்டினார்கள்.

"வா, இனிமே நாம ஒண்ணா நிப்போம்," என்றது கதவைத் தாங்கிய மரநிலை.

நாரும் பையும் முதன்முறையாக ஒரே குரலில் பேசின.

"நாமளா? உனக்குள்ள கரையான் இல்லேன்னு என்ன நிச்சயம்? நாங்க வேற, நீ வேற."