மறையாத நண்பர்கள்

"பட்டியல்ல பாதிப் பேரை முழுங்கிட்டியா மோளே?"

திருச்சூர் ஓய்வூதியர் சங்கத் தலைவர் சங்குண்ணி மேனன் மேசையைத் தட்டினார்.

உறுப்பினர்களின் எக்ஸெல் பட்டியலை அப்படியே சங்கத்தின் ஈமெயில் கணக்கில் ஏற்றச் சொல்லியிருந்தார். இனி தபால் செலவு மிச்சம். ஏற்றி முடித்துப் பார்த்தால் ஆட்கள் குறைகிறார்கள்.

"செத்துப்போனவங்களை மட்டுந்தான் எடுத்தேன் சாரே," என்றாள் அலுவலக உதவியாளர் ஷைனி.

"எடுக்கச் சொல்லி உன்னை யாரு கேட்டா?"

"போன ஓணத்துக்கு ஔசேப் சாருக்கு 'நீடூழி வாழ்க'ன்னு வாழ்த்து போச்சு. அவரு போயி ரெண்டு வருஷமாச்சு. அவரு சம்சாரம் ஏலிக்குட்டி சேச்சி போன்ல அப்படி அழுதாங்க."

மேனன் கண்ணாடியைக் கழற்றினார். சங்கத்தில் யார் போனாலும் முதல் மலர்வளையம் அவருடையது. இரங்கல் கூட்டத்தில் முதல் விம்மலும் அவருடையதுதான்.

"எனக்கு அவங்க யாரும் சாகலை மோளே," என்றார், குரல் கம்ம. "எல்லாரையும் திரும்பச் சேர்த்துடு."

"வீட்டுக்காரங்க மறுபடி அழுவாங்களே சாரே?"

"அவங்க வீட்டுக்கு எதுக்குப் போகணும்? அந்தப் பேருக்கெல்லாம் நேரா என் ஈமெயிலைப் போடு. அவங்களுக்கு வர்றதை நான் வாங்கிக்கறேன்."

ஷைனி உருகிப்போனாள். இந்த மனுஷனைப் போய்க் கல்நெஞ்சன் என்கிறார்களே, பாவிகள்!

மறுபடி ஏற்றினாள். கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது.

"எல்லாருக்கும் ஒரே முகவரியா இருக்கு, ஒரே ஆளாச் சேர்த்துடட்டுமான்னு கேக்குது சாரே."

"ஐயோ, சேர்த்துடாதே!" மேனன் பதறி எழுந்தே விட்டார். "தனித்தனியாவே இருக்கட்டும். ஒவ்வொருத்தரும் எனக்கு முக்கியம்."

அந்த வாரமே புதுப் பட்டியலுக்கு முதல் ஈமெயில் போனது. சங்கத் தலைவர் தேர்தல். ஒவ்வொரு பேருக்கும் ஒரு இணைப்பு. அமுக்கினால் ஒரு ஓட்டு.

எதிர்த்து நின்ற வத்சலா டீச்சர்தான் ஜெயிப்பார் என்று சங்கமே பேசிக்கொண்டது. சொற்ப ஓட்டில் மேனன் ஜெயித்தார்.

"வீடு வீடா ஏறி இறங்கினேனே! இவருக்கு எங்கேருந்து வந்தது இத்தனை ஓட்டு?" பாராட்டுக் கூட்டத்தின் முன்வரிசையில் டீச்சர் புலம்பினார்.

மேனன் மைக்கைப் பிடித்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"இந்த வெற்றிக்குக் காரணம் நானில்லை. நம்மை விட்டுப் போன நண்பர்கள்தான்! அவங்க என்னைக் கைவிடலை!"

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

தட்டப்போன ஷைனியின் கை மட்டும் பாதியில் நின்றது. மனுஷன் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.