முந்திக்கொண்டவள்

"பல்லு பிடுங்குற கை இல்லையா, அதான் எல்லாத்திலயும் அவசரம். ஒரு நாளாவது என்னை முதல்ல ஏற விட்டிருப்பாளா?"

மனைவி வழி நெடுகப் புலம்பிக்கொண்டே வந்தாள். கணவன் காரை நிறுத்தினான்.

கம்பத்தில் ஏறித் தொங்கி ஆடும் 'போல் டான்ஸ்' வகுப்புக்குப் போகிறாள்; அங்கே ஒரு கம்பத்துக்கு இரண்டு பேர். நூலகத்தில் வேலை பார்க்கும் இவளுக்கு ஜோடியாக வாய்த்தவர் ஒரு பல் டாக்டர்.

"நீயே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. 'நீங்க மூச்சு வாங்கிக்குங்க'ன்னு சிரிப்பா. சிரிச்சுக்கிட்டே கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்குவா. டாக்டர்னா தனி வரிசைன்னு நெனப்பு."

இன்று தேர்வு. முறுக்குப் பிடியில் தொங்கிக் காட்டினால்தான் மேல் வகுப்பு. போன தேர்வில் கோட்டை விட்டிருந்தாள். இந்தத் தடவையும் வரவில்லை என்றால் வகுப்பையே விட்டுவிடுவதாக வீட்டில் அறிவித்தாயிற்று. அறிவித்த அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. 'இந்த வயசுல இது எதுக்கு' என்று ஆரம்பத்தில் கேட்டவன், அதற்குப் பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டான்.

"அந்த முறுக்குப் பிடி என்னதான்னு எனக்கும் சொல்லேன்."

வாசலில் இருந்த விளக்குக் கம்பத்தைப் பிடித்துக் காட்டினாள். "மேல் கையைத் திருப்பி, கட்டை விரல் தரையைப் பாக்கற மாதிரி பிடிக்கணும். அது இழுக்கும். கீழ்க் கை தள்ளும். ரெண்டும் சேர்ந்தாத்தான் கால் தானா கெளம்பும்."

அவனும் பிடித்துப் பார்த்தான். தோள்பட்டை மளுக்கென்றது.

"திருடனைப் பிடிச்சா போலீஸ்ல கையை இப்படித்தான் முறுக்குவாங்க. இதுக்குப் பேரு டான்ஸா?"

"வாயை மூடிக்கிட்டு உள்ள வந்து உக்காருங்க."

உள்ளே ஏசி உறுமிக்கொண்டிருந்தது. எல்லாக் கம்பங்களையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து வைத்திருந்தார்கள். ஆசிரியை சின்னப் பெண்தான். கையைத் தட்டினாள்.

"ஆளுக்கு ஒரு வாய்ப்புதான். யார் முதல்ல?"

ஒவ்வொரு கம்பத்தடியிலும் ஒரே தள்ளுமுள்ளு. "நீ போடி." "ஐயோ, நான் மாட்டேன், நீ போ." ஒரு ஜோடி காசு சுண்டிப் பார்த்தது. அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. இவ்வளவு நாள் பழகிவிட்டு எதற்கு இந்தக் கூச்சம்?

சண்டை இல்லாத இடம் ஒன்றே ஒன்று. பல் டாக்டர் ஏற்கெனவே கம்பத்தில் தொற்றியிருந்தார்.

'பாத்தீங்களா?' என்று மனைவி கண்ணாலேயே கேட்டாள்.

டாக்டர் கம்பத்தை இரண்டு கையாலும் தொடையாலும் இறுக்கி அணைத்து, மேலும் கீழுமாகச் சறுக்கினார். அப்புறம் முறுக்குப் பிடி பிடித்தார். கால் கிளம்பியது. கை வழுக்கியது. மெத்தையில் தொப்பென்று விழுந்தார்.

"போச்சு!" என்று எழுந்து உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். "வாங்க, உங்க முறை."

மனைவி பிடித்தாள். கட்டை விரல் கீழே. கால்கள் தரையை விட்டன. ஆசிரியை நிதானமாக எண்ண ஆரம்பித்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் தன் கட்டை விரலும் தரையைப் பார்த்துத் திரும்பியிருப்பதைக் கவனித்தான். மனைவியின் கை கம்பத்தை விட்டு நகரவில்லை.

"மேல் வகுப்பு, அக்கா!"

முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டது டாக்டர்தான். மனைவி லேசாக விலகினாள்.

"அவசரப்படாம இருந்திருந்தா உங்களுக்கும் வந்திருக்கும் டாக்டர்."

டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "வாஸ்தவம்தான். அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று சிரித்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

"அது மூஞ்சிய கவனிச்சீங்களா?" என்று மனைவி கிசுகிசுத்தாள். அவன் கவனம் வேறு எங்கோ இருந்தது.

"ஏம்மா, ஒரு சந்தேகம்" என்று ஆசிரியையிடம் போனான். "மத்த கம்பத்துலயும் முதல்ல ஏறினவங்கதான் பெரும்பாலும் வழுக்கினாங்க. அது எப்படி?"

"இதைத் தொடுங்க சார்." இன்று ஆள் வராத ஒரு கம்பத்தைக் காட்டினாள். ஜில்லென்றிருந்தது. "இப்ப அக்கா தொங்கினதைத் தொடுங்க."

வெதுவெதுப்பாக இருந்தது.

"ஜில்லுனு இருந்தா தோல் ஒட்டாது. ஒரு உடம்போட சூடு ஏறினாத்தான் பிடி நிக்கும். முதல்ல போறவங்க ரொம்பப் பலமாப் பிடிச்சாத்தான் உண்டு. அதான் இவ்வளவு சண்டை."

மனைவி பையின் ஜிப்பை இழுத்தபடி வந்தாள். "அட, எனக்கு இது தெரியவே தெரியாதே! பாவம், அந்தம்மாவுக்கும் தெரியாது போல. தானாப் போய் மாட்டிக்கிட்டாங்க."

"டாக்டரக்காவுக்கா தெரியாது?" ஆசிரியை அவளை விநோதமாகப் பார்த்தாள். "சேர்ந்த அன்னைக்கு நீங்கதான் முதல்ல ஏறினீங்க, ஞாபகம் இருக்காக்கா? வழுக்கி விழுந்துட்டு, 'என் கைக்கு இதெல்லாம் வராது'ன்னு அழுதுக்கிட்டே செருப்பைத் தேடினீங்க. அதுக்கப்புறம் அவங்க உங்களை முதல்ல ஏற விட்டதே இல்லை."