ஹொக்கி பேச்சு வேண்டாம்

"ஹொக்கி பேச்சே எடுக்கக் கூடாது. டீச்சர்னு சொன்னா போதும்."

மகள் சுகிர்தாவின் தலையில் பூ வைத்தபடியே நல்லம்மா மறுபடியும் சொன்னாள். சுகிர்தா, அகில இலங்கை ஹொக்கிக் கிண்ணத்தை வென்ற அணியின் தலைவி, இப்போது கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையின் பயிற்சியாளர். அந்தப் பெருமையெல்லாம் கிண்ணங்களோடு சேர்த்துக் காலையிலேயே அலுமாரிக்குள் போய்விட்டது. போன தடவை இங்கே தெல்தோட்டைக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார், வெயிலில் ஓடுகிற பெண் வேண்டாம் என்று எழுந்து போனார்கள். பெற்ற வயிறு பயப்படத்தானே செய்யும்.

கம்பளையிலிருந்து வேன் வந்தது. மாப்பிள்ளை சஞ்சீவ், அவன் அப்பா சுந்தரலிங்கம், அம்மா யோகராணி. சுந்தரலிங்கம் ஊர்க்கதையெல்லாம் பேசினார். யோகராணியோ பேச்சில் சேரவில்லை. தேநீர் கொண்டுவந்த சுகிர்தாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னாள். இந்தக் காலத்திலுமா இப்படி என்று நல்லம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் சிரித்துவைத்தாள்.

"ஸ்கூல்ல என்ன பாடம்மா?" என்று கேட்டாள் யோகராணி.

"கணக்கு," என்று நல்லம்மா முந்திக்கொண்டாள்.

சஞ்சீவைச் சுகிர்தாவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் இன்று தலையாட்டிவிட்டு, நாளை மைதானத்தில் காத்திருக்கும் பிள்ளைகள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

"இல்லங்க அத்தை. நான் ஹொக்கி கோச். கல்யாணத்துக்குப் பிறகும் விட மாட்டேன். மன்னிச்சிருங்க."

நல்லம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இந்த இடமும் போயிற்று.

சுந்தரலிங்கம் தொண்டையைச் செருமினார். "குறையா நினைக்காதீங்க. இதெல்லாம் எங்களுக்குச் சரிப்படாது. எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் மட்டையத் தொட்டதே இல்ல," என்று எழுந்தார்.

யோகராணியும் எழுந்தாள். வாசலுக்குப் போகவில்லை. சுகிர்தாவின் அருகில் வந்து, அவள் கலங்கிய கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, நான் மாகாண ஹொக்கி டீமுக்கு கோல் கீப்பரா இருந்தவ. இவ கையையும் நடையையும் பார்த்ததுமே ஹொக்கிக்காரின்னு கண்டுக்கிட்டேன். நீங்க என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு, தையல் மட்டுந்தான் தெரியும்னு எங்கம்மா சொன்னாங்க. இந்தப் புள்ளைக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லாமப் போச்சு."