மாலாவின் அரியர்

மாலா இந்தத் தடவையும் ஃபெயிலாம்.

செய்தி தெருவுக்குப் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. பரப்பியது அவள் புருஷன் ஜானகிராமன்தான். தானும் ஃபெயில் என்பதை மெதுவாகச் சொன்னார். மாலாவும் ஃபெயில் என்பதைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

இருவரும் தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம். மற்ற பேப்பரெல்லாம் எப்படியோ தேறிவிட்டன. இலக்கியச் சொற்களும் அடிப்படை இலக்கணமும் என்ற ஒரு பேப்பர்தான் காலைப் பிடித்து இழுத்தது.

ஜானகிராமன் மில்லில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு ஒரு சோப்பு கம்பெனி ஸ்டோரில் ஹெல்ப்பர். டிகிரி இருந்தால் ஸ்டோர் இன்சார்ஜ் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். நாற்பத்தாறு வயதில் தனியாகப் போய் உட்கார வெட்கம். கதிர்காமத்தில் மருந்துக்கடையில் பில் போடும் மாலாவையும் துணைக்குச் சேர்த்துவிட்டார்.

முதல் தடவை ரிசல்ட் வந்த அன்று, அவர் போனைப் பார்த்துவிட்டுப் புத்தகங்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டார். ஸ்டோர் இன்சார்ஜும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றார். அப்புறம்தான் மாலா தன் போனை எடுத்தாள். தனக்கும் அதே பேப்பர் போய்விட்டது என்றாள்.

அவர் ஸ்டூல் போட்டு ஏறி மூட்டையை இறக்கினார்.

"சரி, வுடு. நான் சொல்லித் தரேன்."

அன்றிலிருந்து தினமும் சாயந்தரம் பாடம். கேள்வி கேட்பதில் மாலாவை மிஞ்ச ஆளில்லை. சிமிலிக்கும் மெட்டஃபருக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரே வாரத்தில் ஆறு தடவை கேட்டாள். அவருக்கே அது அரைகுறை. புத்தகத்தைத் திரும்பப் படித்து, யோசித்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"உன் சாம்பார் தண்ணி மாதிரி இருக்குன்னா சிமிலி. உன் சாம்பாரே தண்ணின்னா மெட்டஃபர். புரியுதா?"

புரியவில்லை என்றாள். அவர் இன்னொரு உதாரணம் தேடினார்.

இலக்கணமும் அப்படித்தான். 'ஹி கோ' என்றே எழுதினாள். அங்கே 'கோஸ்' வரவேண்டும், ஏன் வரவேண்டும் என்று அவர் எழுதிக் காட்டினால், அடுத்த நாள் 'தே கோஸ்' என்று எழுதிக்கொண்டு வந்தாள். பிளஸ் டூ படிக்கும் மகள் இனியா பார்த்துவிட்டு, அம்மாவுக்கு இதுகூட வராதா என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாவது தடவையும் ரிசல்ட் இப்படி ஆனதும் மாலாவின் தம்பி கோபிநாத் வீட்டுக்கே வந்துவிட்டான். அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தே மாமா நேரம் வீணாகிறது, இனி மாமா மட்டும் எழுதட்டும் என்றான். மாலா அவனுக்கு டீ போடப் போனாள். ஜானகிராமன்தான் சம்மதிக்கவில்லை.

"சேர்ந்து ஆரம்பிச்சோம். சேர்ந்தே முடிக்கிறோம்" என்றார்.

மூன்றாவது தடவை. பெண்களுக்கு மாடியில் ஹால், ஆண்களுக்குக் கீழே. ஒரு மணி நேரம் எழுதியதும் ஜன்னல் வழியாகத் தற்செயலாக வெளியே பார்த்தார். வேப்ப மரத்தடியில் மாலா உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் திட்டினார். இத்தனை நாள் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தது இதற்குத்தானா, பேப்பரைக் கொடுத்துவிட்டு அப்படி என்ன அவசரம் என்று கேட்டார். தெரிந்ததை எழுதிவிட்டேன் என்று மட்டும் மாலா சொன்னாள்.

ரிசல்ட் வந்தது. ஜானகிராமன் பாஸ். ஐம்பத்திரண்டு மார்க். நம்ப முடியாமல் இனியாவைக் கூப்பிட்டு இரண்டு தடவை படிக்கச் சொன்னார். மாலா தன் போனைப் பார்த்துவிட்டு, தனக்கும் வந்துவிட்டது என்று சிரித்தாள்.

அன்று தெருவில் எல்லா வீட்டுக்கும் லட்டு போனது. மாலாவைக் கரையேற்ற, தான் பட்ட பாட்டை ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி, இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாள். மாலாவும் ஆமாம் என்றாள்.

ஒரு மாதம் கழித்துச் சான்றிதழ் வாங்கப் போனார். மாலாவுக்குக் கடையில் வேலை. தன்னுடையதை அப்புறம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். இருந்தாலும், வந்ததுதான் வந்தோம் என்று இரண்டையும் கேட்டார்.

கல்வி மையத்தில் இருந்த செந்தமிழ்ச்செல்வி புதிதாக வந்த சான்றிதழ்க் கட்டிலிருந்து அவருடையதை உருவிக் கொடுத்தாள். மாலாவின் பெயரைக் கேட்டதும் எழுந்து போய்ப் பழைய பீரோவைத் திறந்து, ஒரு மார்க் ஷீட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள்.

"மேடம் நேர்ல வந்து கையெழுத்து போட்டாதான் சார் தர முடியும். ஒரு வருஷமா போன் பண்றேன். வீட்டுக்காரரும் பாஸ் பண்ணட்டும், அப்புறம் வாங்கிக்கறேன்னே சொல்லிட்டு இருக்காங்க."

ஜானகிராமன் அந்த மார்க் ஷீட்டைத் தொடாமல் குனிந்து படித்தார். முதல் தடவை எழுதிய மாதமும் வருஷமும் போட்டிருந்தது.

வெளியே வந்து மாலாவுக்குப் போன் செய்தார்.

"கடையில சொல்லிட்டு இரு, நான் வந்து கூட்டிட்டு வரேன். உன்னுதுக்கு நீதான் கையெழுத்து போடணுமாம்."

மாலா மெதுவாகக் கேட்டாள்.

"கோவமா?"

"கோவம் இல்ல மாலா. எண்பத்தியாறு மார்க் வாங்கினவ, ஐம்பத்திரண்டு வாங்கினவன்கிட்ட ஒரு வருஷமா பாடம் கேட்டியே..."