இரண்டு ‘இஃப்’

“பிரெஞ்சுக்காரவுக ஒரு குரூப்பே ரூம் போட முடியாம வேற ஹோட்டலுக்குப் போயிட்டாக சார். போன்ல நம்ம சைட்டைத் திறந்தா ‘பக்கம் இல்லை’ன்னு வருதாம்!”

கானாடுகாத்தான் பங்களா ஹோட்டலின் மேனேஜர் சித்ரா, காரைக்குடி ஆபீசுக்கே நேரில் வந்துவிட்டாள். அந்த ஹோட்டலின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது வீரபாண்டியனின் கம்பெனி.

வீரபாண்டியன் சர்வர் செட்டிங்கைத் திறந்தான். போனில் பார்ப்பவர்களுக்குச் சின்னப் படங்களைக் காட்டச் சொல்லி ஒரு ‘இஃப்’ வரி, அதாவது ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற கட்டளை.

“இதை எழுதுனது யாரு?”

ஆபீசிலேயே இளையவளான சினேகா எழுந்தாள். “நான்தான் சார்.”

“சோதிச்சுப் பாத்தியா?”

அவள் சித்ராவை ஒருமுறை பார்த்தாள். “என் தப்புதான் சார்.”

“சர்வர்ல கை வைக்கிறதுன்னா விளையாட்டா? அங்குட்டுப் போய் உக்காரு. இனி இந்த வேலையைத் தொடாத!”

ஆபீசே திரும்பிப் பார்த்தது.

அவள் எழுதிய வரியை வீரபாண்டியன் அழித்தான். சைட் ஓடியது.

“பாத்தீகளா மேடம்? சின்னப்பிள்ளைக வேலை. இனி நானே பாத்துக்கிறேன்.”

சித்ரா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சாப்பிட்டுவிட்டு வந்து, அந்த வரியைத் திருத்திப் போட உட்கார்ந்தான். எத்தனை தடவை பார்த்தும் அதில் பிழையே இல்லை.

அதற்கு மேலே இன்னொரு ‘இஃப்’ இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சைட்டுக்கு வந்தால் பிரெஞ்சுப் பக்கத்துக்கு அனுப்பு. முந்தின நாள் சாயங்காலம், யாரிடமும் சொல்லாமல் அவனே போட்டது. ‘ஒத்தை வரி, இதுல என்ன ஆகிறப்போகுது’ என்று சோதிக்காமல் விட்டது.

தனித்தனியாக இரண்டும் ஒழுங்காகத்தான் ஓடின. பிரெஞ்சுக்காரர் போனில் திறந்து இரண்டும் சேர்ந்து வந்தாலோ, சர்வர் அதில் பாதி, இதில் பாதி எடுத்துக்கொண்டு இல்லாத பக்கத்தைத் தேடிப் போனது.

வீரபாண்டியனுக்குக் காதெல்லாம் சுட்டது. சினேகாவின் மேஜை வரை போனான். அவள் நிமிரவில்லை. அப்படியே வெளியே வந்து சித்ராவுக்குப் போன் போட்டான்.

“மேடம்... காலையில அந்தப் பிள்ளையைத் திட்டுனேன்ல. தப்பு அது மேல இல்ல. நான் பண்ணுனது.”

“தெரியும் சார்.”

“தெரியுமா? அப்ப சினேகா சொல்லிருச்சா?”

“அது எங்க சொல்லுச்சு? காலையில நான் உங்க ஆபீசுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே, சைட் கோளாறைப் பாத்துட்டுப் போன் பண்ணி, ‘தப்பு என்னோடதுதான் மேடம், சாரை ஒண்ணும் சொல்லிறாதீக, வேற கம்பெனிக்கு மாறிறாதீக’ன்னு கெஞ்சுச்சு. தப்புப் பண்ணவுக தனக்காகல்ல சார் கெஞ்சுவாக?”